அம்பாசிடருக்கு ஒரு வோல்ட்மீட்டர்: காரைக்குடிக் கடையில் பொருத்திய வேலை பற்றிய மதிப்பீடு

டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் பேட்டரி விளக்கை மட்டுமே நம்பி வண்டி ஓட்டுபவர்கள், அந்த விளக்கு சொல்லாமல் விட்டுவிடும் செய்திகள் எத்தனை என்பதை ஒருமுறையாவது யோசித்துப் பார்க்க வேண்டும். விளக்கின் ஒரு முனை இக்னிஷன் வழியாகப் பேட்டரியோடும், மறுமுனை எஞ்சினின் சுழற்சியால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடும் இணைக்கப்பட்டிருக்கும். இரு முனைகளுக்கும் இடையே போதிய வோல்ட் வேறுபாடு இருந்தால்தான் அது ஒளிரும். ஆல்டர்னேட்டர் அறவே நின்றுபோனால் விளக்கு எரிந்து எச்சரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெல்ட் வழுக்கி ஆல்டர்னேட்டர் அரைகுறையாகச் சுற்றும்போதும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டைத் தாண்டி மின்னேற்றி பேட்டரியின் தண்ணீரை வற்றவைக்கும்போதும், இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட் நிற்பதால் விளக்கு பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். இந்தக் குறையை நீக்க ஒரு வோல்ட்மீட்டர் போதும். ஆனால் அந்த மீட்டரை எந்த வயரில் இணைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் சொல் உண்மையா பொய்யா என்பது அமைகிறது. ஆகவே இந்த மதிப்பீட்டில் மீட்டரைக் காட்டிலும் அதைப் பொருத்திய வேலைக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

வண்டி, கானாடுகாத்தான் வீட்டில் நிற்கும் இசுசு பெட்ரோல் எஞ்சின் அம்பாசிடர். உத்தரபாரா ஆலை 2014ஆம் ஆண்டு உற்பத்தியை நிறுத்திய பிறகும் செட்டிநாட்டுக் கொட்டகைகளில் இவ்வகை வண்டிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் வாழ்க்கை முறை பேட்டரிக்குச் சிறிதும் ஏற்றதன்று. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் உறவினர்கள் வரும்வரை வாரக்கணக்கில் நின்றபடியே இருக்கும். வந்ததும் பள்ளத்தூருக்கும் காரைக்குடிக்குமாகக் குறுந்தொலைவுப் பயணங்களாக ஓடும். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று யாராவது புறப்பட்டால், வைரவன்பட்டியிலும் இரணியூரிலும் வயதான ஆச்சிமார் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருக்க, ஏசி ஓடிக்கொண்டிருக்க, எஞ்சின் ஐடிலிங்கில் நேரம் கழியும். செல்ஃப் அடிப்பதால்தான் பேட்டரி இறங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சினைக் கிளப்ப 200 ஆம்பியர் அளவில் சில நொடிகள் எடுத்தாலும், செலவாவது ஆம்பியர்-மணிக் கணக்கில் ஏறத்தாழ 0.2 மட்டுமே, சற்று நேரம் ஓடினாலே அது திரும்பிவிடும். வண்டி சும்மா நிற்கும் நாட்களும், ஐடிலிங்கில் ஏசி ஓடும் நேரமுமே பேட்டரியைத் தின்கின்றன. இது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மீட்டர் பொருத்த முடிவு செய்தோம்.

ஆம்பியர் மீட்டரா, வோல்ட்மீட்டரா என்ற கேள்வி முதலில் எழுந்தது. பழைய டிராக்டர்களில் ஆம்பியர் மீட்டர் பார்த்துப் பழகியவர்கள் இன்றும் அதையே கேட்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். முள் ‘பிளஸ்’ பக்கம் சாய்ந்தால் பேட்டரிக்குள் மின்சாரம் போகிறது, ‘மைனஸ்’ பக்கம் சாய்ந்தால் வெளியேறுகிறது என்று உடனே தெரிவது அதன் சிறப்பு. ஆயினும் சாதாரண ஆம்பியர் மீட்டரைப் பேட்டரிக்குப் போகும் கனமான வயரை வெட்டித்தான் இடையில் வைக்க வேண்டும். ஏசி சேர்ந்த வண்டியில் முழு மின்னோட்டமும் டாஷ்போர்டுக்குள் வந்து திரும்பும் நிலை ஏற்படும். அங்கே ஒரு லக் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) தளர்ந்தாலோ, வயர் உரசித் தகட்டைத் தொட்டாலோ தீப்பிடிக்க வாய்ப்புண்டு. ஷன்ட் (முழு மின்னோட்டத்தையும் டாஷ்போர்டுக்குக் கொண்டுவராமலே அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்து இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. அதற்கு ஏற்ற மீட்டரைத் தேடி வாங்கும் சிரமமும் கூடவே இருக்கிறது. வோல்ட்மீட்டரோ வயரை வெட்டாமல் பக்கவாட்டில் இணைவது. மெல்லிய வயரும் சிறு ஃபியூஸும் போதும். அது கெட்டுப்போனாலும் வண்டியின் ஓட்டம் தடைபடாது. கடைக்காரரும் இதையே பரிந்துரைத்தார். தயக்கமின்றி ஒப்புக்கொண்டேன்.

கடை, காரைக்குடி செக்காலைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடப்பது. வயரிங், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் வேலைகள் மட்டுமே செய்கிறார்கள், பேட்டரி விற்பதில்லை. பேட்டரி விற்காத இடத்தில் பேட்டரி சோதனைக்குக் கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம், ஏனென்றால் பழையதைத் தூக்கிப் போடச் சொல்வதில் அவர்களுக்கு ஆதாயம் எதுவும் இல்லை.

நான் வாங்கிச் சென்ற மீட்டரை மேசையில் ஓரமாக வைத்துவிட்டு, அவர் முதலில் எடுத்தது மல்டிமீட்டரைத்தான். “மீட்டரு எப்ப வேணும்னாலும் மாட்டலாம்ணே, மொதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்” என்றார். எஞ்சின் நின்றிருந்தபோது பேட்டரி 12.4 காட்டியது. ஆறு செல்களும் முழுமையாக ஏறியிருந்தால் 12.6 முதல் 12.7 வரை இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 11.9க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஆக, முக்கால் பங்கு ஏறிய நிலை. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது, அப்போது 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியையோ செல்ஃபையோ சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் பின்புற போல்ட்டில் 14.3 இருக்க, பேட்டரி முனைகளுக்கு இடையே 13.7தான் வந்தது.

அந்த 0.6 வோல்ட் எங்கே போனது என்று அவர் தேடிய முறைதான் இந்தக் கடையைப் பற்றி எழுதத் தூண்டியது. ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தார், இழப்பு 0.2 மட்டுமே, அது பொறுக்கத்தக்கது. பிறகு பேட்டரியின் நெகட்டிவுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே வைத்தபோது 0.4 காட்டியது. இந்தப் பக்கம் 0.2க்கு மேல் போகக் கூடாது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள பின்னல் எர்த் பட்டை பச்சையேறி, பாதி இழைகள் அறுந்து கிடந்தன. அதை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துப் பூட்டியதும் பேட்டரி முனையில் 14.1 வந்துவிட்டது. பேட்டரி எத்தனை தடவை மாற்றினாலும் இந்த வண்டியில் முழுதாக ஏறியிருக்காது என்பதற்கான காரணம் அந்தப் பட்டையில்தான் இருந்தது. மீட்டரைப் பொருத்தாமலே திரும்பியிருந்தாலும் போன காரியம் பாதி நிறைவேறியிருக்கும்.

அடுத்தது இணைப்பு. பல இடங்களில் ரேடியோவின் பின்னாலோ சிகரெட் லைட்டரின் பின்னாலோ உள்ள வயரைச் சுரண்டி, அதில் மீட்டர் வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். வேலை விரைவாக முடியும். ஆனால் அந்த வயரில் மற்றக் கருவிகளுக்கான மின்னோட்டமும் பாய்வதாலும், இக்னிஷன் ஸ்விட்ச், ஃபியூஸ் பெட்டி, பழைய கனெக்டர் ஆகிய ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக விழுங்குவதாலும், பேட்டரியில் 14.1 இருக்கும்போது மீட்டர் 13.6 என்று காட்டும். இரவில் விளக்குகளைப் போட்டதும் இன்னும் இறங்கும். ஓட்டுபவர் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று பதறி, நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்வார். பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுத்தால் அளவு சரியாக வரும். ஆனால் மீட்டர் இரவும் பகலும் விழித்திருந்து பேட்டரியைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். 20 மில்லி ஆம்பியர்தான் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 30 நாட்களில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு அது சிறிய இழப்பன்று.

இரண்டு குறைகளையும் சேர்த்துத் தீர்க்க ஒரு நான்கு முனை ரிலே (சிறு மின்சாரம் பாய்ந்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்விட்ச்) போடுவது என்று முடிவாயிற்று. ரிலேயின் காயிலுக்கு இக்னிஷனிலிருந்து சிறு வயர். 30ஆம் முனைக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேரான வயர், அதில் பேட்டரியை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ். 87ஆம் முனையிலிருந்து மீட்டருக்கு. சாவியைத் திருப்பினால் மட்டும் மீட்டர் விழிக்கும். காட்டும் அளவோ பேட்டரியின் உண்மையான அளவாக இருக்கும். ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகில் வைப்பதற்குக் காரணம் உண்டு: மீட்டருக்கு அருகே வைத்தால், இடைப்பட்ட வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் காக்க எதுவும் இராது. எர்த் வயரையும் டாஷ்போர்டின் ஏதோ ஒரு திருகில் மாட்டாமல், உள்ளே சேஸிஸில் தேய்த்துச் சுத்தம் செய்த இடத்தில் லக் வைத்துப் பூட்டினார். இணைப்புகள் எல்லாம் கிரிம்ப் செய்யப்பட்டு, மேலே சுருங்கும் ஸ்லீவ் போடப்பட்டவை.

இதில் ஒரு குறையும் உண்டு. எஞ்சின் பக்கமிருந்து கேபினுக்குள் வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடாமலே கடையின் இளைஞர் வயரை இழுத்துவிட்டார். கேட்ட பிறகே போட்டார்கள். தகட்டின் கூரான விளிம்பில் வயர் வெறுமனே உட்கார்ந்தால் அதிர்விலேயே உறை அறுந்துவிடும். இவ்வளவு கவனமாகச் சோதித்த கடையில் இது விடுபட்டிருக்கக் கூடாது. வண்டியைக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்ளும் வாடிக்கையாளருக்கு இது தெரியவே தெரியாது என்பதால், வேலை நடக்கும்போது அருகில் இருப்பது நல்லது என்று சொல்வேன்.

மீட்டரைப் பற்றிச் சொல்லச் செய்தி குறைவு. 52 மில்லிமீட்டர் முள் மீட்டர், 8 முதல் 16 வோல்ட் வரை. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் இல்லை. விலை 850 ரூபாய். மல்டிமீட்டரோடு ஒப்பிட்டபோது 12லும் 14லும் 0.1 வோல்ட்டுக்குள்ளேயே நின்றது. அந்த விலைக்கு இதைக் குறை சொல்ல இயலாது. முள் சுற்றும் பரப்பு 90 பாகை மட்டும் என்பதால் 13.8க்கும் 14.4க்கும் இடையே ஏழு பாகைகூட வராது. 8 முதல் 10 வரை யாருக்கும் பயன்படாத இடத்தை விட்டுவிட்டு 10இலிருந்து தொடங்கியிருந்தால் கோடுகள் இன்னும் விரிந்திருக்கும். மீட்டருக்குள் எரியும் விளக்கின் வயரை பார்க்கிங் லைட்டோடு இணைத்திருக்கிறார்கள். வெளிச்சம் தேவைக்கு அதிகம், இரவில் கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. குரோம் வளையத்தின் பூச்சைப் பார்த்தால் நம் வெயிலுக்கும் செம்மண் புழுதிக்கும் நெடுநாள் தாங்கும் என்று தோன்றவில்லை. டாஷ்போர்டைத் துளைக்காமல் அடியில் ஒரு பட்டை வைத்து, ஸ்டீயரிங்குக்கு இடப்புறம், ஓட்டுநரை நோக்கிச் சற்றே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். பழைய வண்டியின் தோற்றத்தைக் கெடுக்க விரும்பாதவர்களுக்கு இது உகந்த முறை.

எண்களில் காட்டும் மீட்டர் ஏன் வாங்கவில்லை என்று கேட்கலாம். 0.1 வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் இதைவிட மலிவு. ஆனால் கடைசி இலக்கம் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது கவனத்தைச் சிதறடிக்கிறது. மதிய வெயிலில் சிவப்பு எண்கள் தெரிவதுமில்லை. முள் வழக்கமான இடத்தில் நிற்கிறதா இல்லையா என்பது ஓரக்கண்ணுக்கே புலப்படும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும், செல்போன் சார்ஜரோடு சேர்ந்த வகையை இதே வண்டியில் ஒப்பிட்டுப் பார்த்தேன். எர்த் சரியான பிறகும், ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட நிலையில் அது 0.4 வோல்ட் குறைத்தே காட்டியது. அது உடனடியாகச் செருகிப் பார்க்க உதவுமே தவிர, அதைக்கொண்டு ஆல்டர்னேட்டரின் தரத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

பொருத்திய பிறகு கிடைத்த பயன் கணிசமானது. காலையில் கிளம்பியதும் முள் 14.2ஐத் தொடுகிறது, திருமயம் தாண்டி புதுக்கோட்டைச் சாலையில் எஞ்சின் நன்கு சூடான பிறகு 13.8க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. இதைப் பழுது என்று எண்ண வேண்டியதில்லை. வெப்பம் கூடக் கூட ஈய-அமில பேட்டரிக்குத் தேவைப்படும் மின்னேற்ற வோல்ட் குறையும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.2 வோல்ட் என்பது கணக்கு. ரெகுலேட்டரும் அதற்கேற்பவே வடிவமைக்கப்படுகிறது. பானெட்டுக்குள் அவ்வளவு சூட்டில் 14.8க்கு மேல் தொடர்ந்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது தண்ணீர் வற்றும், மூடியின் மேல் ஈரம் தெரியும், டெர்மினலில் பூ பூக்கும். மாறாக, எப்போதும் 13.2க்குக் கீழேயே ஓடினால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகி, பேட்டரி தன் கொள்ளளவை மெல்ல இழக்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில், பேட்டரி இறங்கினால் தள்ளிவிட்டுக் கிளப்பிக்கொள்ளலாம் என்ற அளவிலேயே பெரும்பாலோரின் அக்கறை நின்றுவிடுவது சற்று வேடிக்கைதான்.

கோயில் வாசலில் ஏசியோடு காத்திருக்கும்போது முள் 13க்கு அருகே வந்துவிடுகிறது. ஹெட்லைட்டும் சேர்ந்தால் 12.7 வரை. அதாவது ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டரின் உற்பத்தி போதாமல் பேட்டரியும் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. ஆக்ஸிலரேட்டரைச் சற்றே மிதித்தால் 13.7க்கு ஏறிவிடுவதால் ஆல்டர்னேட்டரில் குறையில்லை என்று தெரிகிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு, காத்திருக்கும் நேரத்தில் விளக்கை அணைப்பதும், ஏசியின் விசிறி வேகத்தைக் குறைப்பதும் ஓட்டுநருக்குத் தாமாகவே வழக்கமாகிவிட்டன.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, தேவகோட்டையிலிருந்து திரும்பும் வழியில், தேங்கிய நீரைக் கடந்ததும் முள் 12.4க்கு வந்து அங்கேயே நின்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை. மழைச் சத்தத்தில் பெல்ட்டின் கீச்சொலியும் கேட்கவில்லை. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்து நனைந்திருந்தது. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்வாங்க வேண்டியது, இரண்டுக்கு மேல் போயிற்று. அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது என்பதால், அப்படியே ஓட்டியிருந்தால் பேட்டரி இறங்குவதோடு எஞ்சின் சூடும் ஏறியிருக்கும். அங்கேயே இறுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். முள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. மீட்டருக்குக் கொடுத்த விலை அன்றே தகுந்துவிட்டது என்று கொள்கிறேன்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரை எஞ்சின் கணினியே ஆள்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்த, சீராக ஓடும்போது 12.5 அளவுக்கு இறக்கிவிட்டு, வேகம் குறைக்கும்போது 15 வரை ஏற்றும். அத்தகைய வண்டியில் மேலே சொன்ன அளவுகளை வைத்துப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது. அவற்றின் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் பொருத்தப்பட்டிருந்தால், மீட்டரின் எர்த்தை டெர்மினலில் நேராக இணைக்காமல் பாடியில்தான் இணைக்க வேண்டும். இல்லையேல் சென்சாரின் கணக்கு தவறும். வாரன்டியில் இருக்கும் வண்டியில் வயரைத் தொடுவதற்கு முன் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்டுக்கொள்வதே முறை.

செலவு: மீட்டர் 850, ரிலேயும் ஃபியூஸும் வயரும் 280, எர்த் பட்டை 150, கூலி 700, மொத்தம் 1,980 ரூபாய். சிகரெட் லைட்டரின் பின்னால் முறுக்கிவிட்டுப் போகும் வேலைக்கு இதில் பாதிகூட ஆகாது என்பதை அறிவேன். இரண்டும் ஒரே வேலை அல்ல என்பதால் கூலி அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கடையில் பில் புத்தகம் கிடையாது. துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த வயர் எந்த நிறம், ரிலே எங்கே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பவற்றைக் கேட்டு நானே எழுதி, க்ளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். மூன்று வயதுக்கு மேற்பட்ட பேட்டரியும் ஏசியும் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அரை நாள் ஒதுக்கிக்கொண்டு, பகல் பன்னிரண்டுக்குள் போய்விடுவது நல்லது. அதன் பிறகு டிராக்டர்களும் லோடு வேன்களும் வந்து நின்றுவிட்டால் மாலைவரை காத்திருக்க நேரும்.